நவம்பர் 1 யாருடைய நாள்?

ஐயா, வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கிறேன். நவம்பர் 1 வந்தால் இங்கே ஆட்டோவில்கூட மஞ்சள் சிவப்புக் கொடி பறக்கிறது. மலையாள நண்பர்களும் கேரளப் பிறவி என்று வாழ்த்து அனுப்புகிறார்கள். நாமும் அதே நாளில் உருவான மாநிலம்தானே? நமக்கு மட்டும் ஏன் ஜூலை 18?
ரா., பெங்களூரு

அன்புள்ள ரா.,

நாம் அன்றைக்கு உருவானோம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. 1956 நவம்பர் 1 அன்று தார்வார், குல்பர்கா, குடகு எல்லாம் மைசூரோடு வந்து சேர்ந்தன. திருவிதாங்கூர்-கொச்சியும் மலபாரும் சேர்ந்து கேரளம் ஆயின. சென்னை மாநிலத்துக்கோ அது பாகப்பிரிவினை. ஆந்திரம் 1953லேயே பிரிந்துவிட்டது. இப்போது மலபார், தென் கன்னடம், கொள்ளேகாலம் போயின. மிஞ்சியது நாம். பெயர்கூட மாறவில்லை. தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

குமரி மாவட்டத்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நியாயம்தான். அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் நம்மோடு சேர்ந்த நாள் அது. சும்மா கிடைத்ததுமில்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். அப்போது இந்தப் பகுதி இருந்த திருவிதாங்கூர்-கொச்சிக்கு முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை, சோஷலிஸ்ட். சொந்தக் கட்சிக்காரர் என்றும் பாராமல் லோகியா அவரைப் பதவி விலகச் சொன்னார். அவர் விலகவில்லை. நேசமணி தலைமையில் போராடியவர்கள் தேவிகுளம், பீர்மேட்டையும் கேட்டார்கள். அவை கேரளத்திலேயே நின்றுவிட்டன. இன்றும் நவம்பர் 1 அன்று நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை விழும். சென்னையில் பலருக்கு அன்றைக்கு என்ன விசேஷம் என்றே தெரியாது.

2019ல் அன்றைய அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. 2021ல் அடுத்த அரசு ஜூலை 18க்கு மாற்றியது. 1967ல் அண்ணா ஆட்சியில் பெயர் மாற்றத் தீர்மானம் பேரவையில் ஒருமனதாக நிறைவேறிய நாள் அது. என் ஓட்டு இதற்குத்தான். சட்டப்படி பெயர் மாறியது 1969 ஜனவரி 14, பொங்கலன்று. ஆனால் பொங்கலன்று யார் இன்னொரு விழா எடுப்பார்கள்? கன்னடர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 1973ல் கர்நாடகம் என்று பெயர் மாற்றவும் அதே நவம்பர் 1ஐத் தேர்ந்துகொண்டார்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. புதுச்சேரிக்கும் நவம்பர் 1 விடுதலை நாள். கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த பிறகு, 1954ல் அன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள்.