பெட்டி மேல் ஒரு எடை, விரலில் ஒரு எடை: டிரிகர் வாங்குவோர் கேள்வி-பதில்

கைத்துப்பாக்கிக்கு வெளி கம்பெனி டிரிகர் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: பிஸ்டல் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வலது கைக்காரன். குண்டெல்லாம் இலக்கின் இடது பக்கம் கீழே போகிறது. லேசான டிரிகர் போட்டால் சரியாகிவிடும் என்று ரேஞ்சில் ஒருவர் சொன்னார். எந்த கிட் (மாற்றிப் போடும் பாகங்களின் தொகுப்பு) வாங்கலாம்?

ப: இப்போதைக்கு எதுவும் வேண்டாம். வலது கைக்காரருக்கு இடது கீழ் என்றால், பெரும்பாலும் விரல் டிரிகரை மட்டும் இழுக்காமல் கையையும் சேர்த்து வெடுக்கென்று இழுக்கிறது என்று பொருள். இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாமல் மேகசின் நடுவே ஒரு டம்மி தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் குழல் முனை மட்டும் சட்டென்று கீழே குத்தும். அந்தக் குத்தல்தான் உங்கள் குண்டை இடது கீழே கொண்டுபோகிறது. லேசான டிரிகர் அதை மறைக்கும், போக்காது. இரண்டு மாதம் காலித் துப்பாக்கியில் பழகுங்கள். தோட்டா வேறு அறையில் இருக்கட்டும், சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று இரண்டு தடவை பாருங்கள். அதற்கப்புறமும் டிரிகர் மேல் குறை இருந்தால் எழுதுங்கள், பேசலாம்.

கே: வளைந்த டிரிகரா, தட்டை டிரிகரா, எது நல்லது?

ப: உங்கள் விரல் எங்கே இயல்பாகப் போய் உட்காருகிறதோ அது. நண்பருடையதில் ஐம்பது ரவுண்ட் சுட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கே: ‘2 பவுண்ட் இழுவை’, அதாவது டிரிகரை இழுக்க அவ்வளவு எடை போதும் என்று பெட்டியில் போட்டிருந்த கிட் வாங்கினேன். ஸ்பிரிங், கனெக்டர் (டிரிகர் விடுபடும் இடத்திலுள்ள சிறு தகடு) எல்லாம் சேர்த்து மாட்டினேன். இப்போது பத்துக்கு ஒன்றிரண்டு வெடிப்பதில்லை. விற்றவர் தோட்டா மட்டம் என்கிறார். பழைய ஸ்பிரிங்கில் இதே தோட்டா ஒன்றுகூடத் தவறியதில்லை.

ப: உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அதற்கு மேல் தோட்டா மீது பழி போடுகிறார்கள்.

வெடிக்காத தோட்டாவை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். (வெடிக்கவில்லை என்றதும் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி 30 வினாடியாவது பொறுத்துவிட்டு எடுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.) நடுவில் இருக்கும் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) குழி ஆழமில்லாமல் நகக்கீறல் போல இருந்தால், ஸ்ட்ரைக்கர், அதாவது அதைக் குத்தும் ஊசி, போதிய பலத்தோடு குத்தவில்லை. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டு, அதே பெட்டித் தோட்டாவில் ஒன்று சுட்டு, அந்தக் குழியையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு பிரைமரும் ஒரே படத்தில். அதை அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேளுங்கள். தோட்டா மட்டம் என்ற பேச்சு அதோடு நிற்கும்.

பெட்டி மேல் எடை அச்சடிக்கும் இந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் புகாரில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. டிரிகர் ஒரு நெம்புகோல். அளக்கும் கருவியின் கொக்கியை நுனியில் மாட்டி இழுத்தால் எடை குறைவாகக் காட்டும், அதையே அச்சுக்குப் பக்கத்தில் மேலே மாட்டினால் கூடுதலாகக் காட்டும். அதே துப்பாக்கி, அதே டிரிகர். ஆக, எங்கே மாட்டி அளந்தது, எத்தனை தடவை இழுத்து எடுத்த சராசரி, எந்த மாடலில், எந்த ஸ்பிரிங்கோடு என்று சொல்லாத எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனால் எல்லாப் பெட்டியிலும் அந்த எண்தான் பெரிய எழுத்தில் நிற்கிறது.

அப்புறம், அந்த எடை எங்கிருந்து குறைகிறது என்று எவரும் சொல்வதில்லை. கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்களில் ஸ்ட்ரைக்கர் ஏற்கெனவே பாதி பின்னால் இழுக்கப்பட்டு நிற்கும், மீதியை உங்கள் விரல் இழுக்கிறது. ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை நோஞ்சானாக்கினால் விரலுக்குச் சுகம்தான். ஆனால் பிரைமரைக் குத்தும் பலத்தைத் தருவதும் அதே ஸ்பிரிங்தான். ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் இழந்தாக வேண்டும். பிரைமர் கொஞ்சம் கடினமான தோட்டா வந்தால் போதும், உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இதையெல்லாம் விட, நல்ல டிரிகர் என்பது எடை மட்டும் இல்லை. முதலில் தளர்வாக வரும் தூரம், அப்புறம் சுவரில் முட்டுவது போல் ஒரு நிறுத்தம், அங்கிருந்து விடுபடும் கணம், விடுபட்ட பின் விரல் பின்னால் ஓடும் தூரம், திரும்பி வந்து ‘டிக்’ என்று மறுபடி பிடித்துக்கொள்ளும் இடம். சுவரில் மணல் உரசுவது போல இருக்கும் 4 பவுண்டை விட, கண்ணாடிக் குச்சி முறிவது போல விடுபடும் 5 பவுண்ட் எவ்வளவோ மேல். அதைப் பெட்டியில் அச்சடிக்க முடியாது. அதனால்தான் எண்ணை அச்சடிக்கிறார்கள்.

கே: நான் மூன்றாம் தலைமுறை கிளாக் வைத்திருக்கிறேன். தள்ளுபடியில் வந்ததால் ஐந்தாம் தலைமுறைக்கான டிரிகர் தொகுதி வாங்கிவிட்டேன். உட்காரவில்லை. கொஞ்சம் ராவிப் பார்த்தேன், அப்போதும் சேரவில்லை. பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள், இது நியாயமா?

ப: நியாயம்தான். எந்தத் தலைமுறைக்கு என்று பெட்டியில் எழுதியிருந்ததாக உங்கள் கடிதத்திலேயே சொல்லியிருக்கிறீர்கள். ஐந்தாம் தலைமுறையில் டிரிகர் ஸ்பிரிங்கின் அமைப்பே வேறு. அரம் வைத்த பாகத்தை யாரிடம் திருப்பி விற்பார்கள்? போன வருடம் இதே தவறை இரண்டு பேர் எழுதினார்கள், அவர்களாவது அரத்தைத் தொடவில்லை. அந்தப் பாகத்தை இனி எந்தத் துப்பாக்கியிலும் போடாதீர்கள்.

கே: இடுப்பில் தோட்டாவோடு வைத்திருக்கும் துப்பாக்கிக்கு 3 பவுண்ட் டிரிகர் போடலாமா? போட்டியில் சுடும் நண்பர் போட்டிருக்கிறார், அருமையாக இருக்கிறது.

ப: போடாதீர்கள். நண்பரின் துப்பாக்கியில், அவர் சுடும் வரிசையில் நின்ற பிறகுதான் தோட்டா ஏறுகிறது. உங்களுடையது நாள் முழுக்க உடம்போடு ஒட்டி இருக்கிறது. பயத்தில், வியர்வையில், கையுறையோடு, சட்டை நுனி உறைக்குள் சிக்கிய நிலையில் அதை எடுக்க வேண்டியிருக்கலாம். பெரும்பாலான கிளாக் மாடல்கள் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 2.5 கிலோ (சுமார் 5.5 பவுண்ட்) இழுவையோடு வருகின்றன. அந்தத் துப்பாக்கியில் கட்டைவிரலால் போடும் பூட்டு கிடையாது. டிரிகர் நடுவிலுள்ள நாக்கு, ஸ்ட்ரைக்கரை மறிக்கும் கட்டை, கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு, இந்த மூன்றும்தான் காவல். மூன்றும் டிரிகரோடும் அதன் பட்டையோடும் பிணைந்தவை. வெளி கம்பெனி பாகம் மாட்டும்போது இந்த மூன்றின் மேலும் கை வைக்கிறீர்கள்.

டிரிகரின் சொந்த கனம்கூடக் கணக்கில் வரும். 2017 ஆகஸ்டில் சிக் சாவர் தன் பி320 மாடலுக்கு ஒரு மேம்பாட்டுத் திட்டம் அறிவித்தது. குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் அந்தத் துப்பாக்கி வெடிக்கக்கூடும் என்று தெரியவந்த பிறகு நடந்தது அது. மாற்றித் தந்த பாகங்களில் ஒன்று கனம் குறைந்த டிரிகர். விழும் வேகத்தில் கனமான டிரிகர் தன் கனத்தாலேயே பின்னால் ஓடப் பார்க்கும், அதனால்தான். தயாரித்த கம்பெனியே இத்தனை கவனிக்க வேண்டியிருக்கும் இடத்தில், பளபளப்புக்காகக் கனமான உலோக டிரிகரை வாங்கி மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

நானும் இதில் அடி வாங்கியவன். சில வருடங்களுக்கு முன் ஒரு தட்டை டிரிகர் வாங்கினேன். பார்க்க அழகு, விடுபடுவதும் சுத்தம். மூன்றாவது வாரம் துடைக்க எடுத்தேன். விரலை எடுத்ததும் நடு நாக்கு வெளியே துருத்திக்கொண்டு வர வேண்டும். வரவில்லை. உள்ளே அமுங்கினபடியே நின்றது. ஊசி முனையால் தொட்டதும் வந்தது. அதன் பள்ளத்தில் எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்த ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். எத்தனை நாளாக அது பூட்டாமலே என் உறையில் இருந்தது என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பழைய டிரிகரை மாட்டினேன், இன்றுவரை அதுதான் இருக்கிறது.

கே: 25 மீட்டர் பிஸ்டலுக்கு கிட் போட்டேன். வீட்டில் ஸ்பிரிங் தராசில் 1,020 கிராம் காட்டியது, போட்டிச் சோதனையில் தோற்றுவிட்டது. கிட் கோளாறா?

ப: அளந்த விதம் கோளாறு. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தது 1,000 கிராம், 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். அங்கே ஸ்பிரிங் தராசு கிடையாது. குழலைச் செங்குத்தாக மேலே நிறுத்தி, டிரிகரின் நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். நீங்களும் எடைக்கல் வாங்கி அப்படியே பாருங்கள். 20 கிராம் மிச்சம் போதாது, இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

கே: மிக மலிவாக ஒரு சின்னத் துண்டு விற்கிறார்கள். ஸ்லைடின் (துப்பாக்கி மேல் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) பின்னால் மாட்டினால் டிரிகர் ‘வேகம்’ கூடுமாம்.

ப: தொடாதீர்கள். அது டிரிகர் கிட் அல்ல, விடாமல் சுட வைக்கும் துண்டு. அமெரிக்காவில் அந்தத் துண்டு தனியாக உங்கள் மேசையில் கிடந்தாலே சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி, 10 வருடம் வரை சிறை.

கே: பெரெட்டா 92 வைத்திருக்கிறேன். முதல் இழுவை மட்டும் ரொம்பக் கனம். முழு கிட் விலை அதிகமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

ப: உண்டு, இந்த வாரம் நான் மகிழ்ச்சியோடு எழுதும் பதில் இதுதான். அதே கம்பெனியின் ‘டி’ மாடலுக்கான சுத்தியல் ஸ்பிரிங்கை மட்டும் வாங்குங்கள் (சுத்தியல் என்பது ஊசியைப் பின்னாலிருந்து அடிக்கும் பாகம்). சாதாரண ஸ்பிரிங் 20 பவுண்ட், டி ஸ்பிரிங் 16. முதல் இழுவை நன்றாகவே குறையும். துப்பாக்கி செய்தவர்களே தங்கள் துப்பாக்கிக்குச் செய்த பாகம் என்பதால் எனக்கு நம்பிக்கை. ஆனாலும் நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவில் 200 ரவுண்ட் சுட்டுப் பாருங்கள். ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் சரி.

கே: ‘நிபுணர் டியூன் செய்தது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, பழைய 1911 மாடல் பிஸ்டல் ஒன்றை உரிமம் மாற்றி முறையாக வாங்கினேன். டிரிகர் வெண்ணெய் போல இருந்தது. ஆனால் காலி ஸ்லைடை இழுத்து விட்டால், சில தடவை சுத்தியல் நிற்காமல் கூடவே விழுகிறது. விற்றவர் ‘லேசான டிரிகர் என்றால் அப்படித்தான்’ என்கிறார். என் சேமிப்பு முழுவதும் போய்விட்டது.

ப: அப்படித்தான் இல்லை. அவர் சொன்னது பொய், அதுவும் ஆபத்தான பொய். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியரின் விளிம்பை யாரோ அளவுக்கு மீறித் தேய்த்திருக்கிறார்கள். அந்த வெண்ணெய் வழுவழுப்பு அங்கிருந்துதான் வந்தது. சியரின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டதாக இருந்தால், அதைத் தேய்த்து எடுத்த பின் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு ஒவ்வொரு சூட்டிலும் இன்னும் தேயும். இன்று சில தடவை விழுவது நாளை தோட்டாவோடு விழும். நீங்கள் டிரிகரைத் தொடாமலே வெடிக்கலாம், ஒன்றுக்கு மேலும் வெடிக்கலாம்.

அதில் தோட்டா போடாதீர்கள், சோதித்துப் பார்க்கக்கூட வேண்டாம். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், அவர் அனுப்பிய அந்தப் பதிலையும் அழிக்காதீர்கள். தகுதியுள்ள ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொண்டுபோய், சியரும் சுத்தியலும் என்ன நிலையில் இருக்கின்றன என்று எழுத்தில் வாங்குங்கள். பயன்படுத்தத் தகுதியற்ற பொருளைத் தகுதியானது என்று விற்றிருக்கிறார், அந்த அறிக்கையோடு முழுப் பணமும் கேட்கலாம். மறுத்தால் சியர், சுத்தியல், ஸ்பிரிங் மூன்றும் புதிதாகப் போட்டு ஒருவர் பொருத்தித் தர எவ்வளவு ஆகும் என்று ஆர்மரரிடமே எழுதி வாங்கி, அந்தத் தொகையையாவது கேளுங்கள். தேய்த்த பழைய சியரை ஆர்மரரிடமிருந்து கேட்டு வாங்கி, ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வழக்கு என்று போனால் அதுதான் உங்கள் சாட்சி. என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.