க்யூ கப்பல் மாதிரி: பீரங்கியை எங்கே ஒளிப்பது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு முதல் உலகப் போரின் க்யூ கப்பலை, அதாவது நீர்மூழ்கிகளை ஏமாற்றி வீழ்த்தச் சரக்குக் கப்பல் வேஷம் போட்ட போர்க்கப்பலை, செய்கிறாள். பார்க்கச் சரக்குக் கப்பல் மாதிரி இருக்க வேண்டும், பீரங்கிகளும் தெரிய வேண்டுமாம். எப்படிச் செய்வது? எந்தக் கொடி கட்டுவது?

பதில்: ஃபார்ன்பரோ என்ற க்யூ கப்பலைச் செய்யச் சொல்லுங்கள். லோடரர் என்ற நிலக்கரிக் கப்பலைத்தான் பிரிட்டிஷ் கடற்படை அப்படி மாற்றியது. முக்கியப் பீரங்கிகள் ஐந்து. ஒன்று பின்புறத்தில் ஒரு பொய் அறைக்குள், இரண்டு மேல்தளத்துப் பொய் அறைகளில், இரண்டு பக்கவாட்டில் கீல் வைத்த தடுப்புகளுக்குப் பின்னால். நடுவில் ஒரு கோழிக்கூண்டு. உள்ளே இருந்தது கோழியல்ல, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி! அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அட்டைத் தடுப்புகளைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். கீழ் விளிம்பில் துணிப்பட்டை ஒட்டி, மேலே நூல் கட்டுங்கள். நூலை விட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் விழ வேண்டும்.

ஏன் இத்தனை வேஷம்? ஜெர்மன் நீர்மூழ்கியில் டார்பிடோக்கள், அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து போய் வெடிக்கும் குண்டுகள், கொஞ்சம்தான். சின்னக் கப்பலுக்கு ஒன்றை வீணாக்காமல் மேலே வந்து பீரங்கியால் சுட்டு மூழ்கடிப்பார்கள். அப்படி மேலே வர வைப்பதுதான் க்யூ கப்பலின் வேலை. 1917-இல் ஜெர்மானியர்கள் எச்சரிக்காமலே டார்பிடோ விடத் தொடங்கினார்கள். அப்புறம் அடி வாங்கியும் மிதக்க வேண்டியதாயிற்று. அதற்காகவே சரக்கறையில் மரக்கட்டைகளை நிரப்பினார்கள். கப்பலின் ஒரு பக்கத்தை ஒளிபுகும் தாளால் செய்து உள்ளே ஐஸ் குச்சிகளை அடுக்குங்கள். பீரங்கியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கட்டைகள்தான்.

1917 பிப்ரவரி 17, அயர்லாந்துக்குத் தென்மேற்கே கடல். டார்பிடோ வருவது தெரிந்தும் ஃபார்ன்பரோவின் கேப்டன் கார்டன் கேம்பல் கப்பலை விலக்கவில்லை. அடி விழுந்தது. ஒரு கூட்டம் பதறுவது போல நடித்துப் படகுகளில் இறங்கியது. மற்றவர்கள் பீரங்கிகளின் அருகே மூச்சுவிடாமல் படுத்திருந்தார்கள். யு-83 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் கப்பலை ஒட்டி நகர்ந்து நோட்டமிட்டுவிட்டு, மிக அருகில் மேலே வந்தது. தடுப்புகள் விழுந்தன. முதல் குண்டே அதன் கோபுரத்தில் பட்டது, நீர்மூழ்கி மூழ்கியது. ஃபார்ன்பரோவுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கேம்பல் தன் அட்மிரலுக்கு விடைபெறும் செய்தியே அனுப்பிவிட்டார். ஆனால் கட்டைகள் தாங்கின. கப்பலை இழுத்து வந்து கரையேற்றினார்கள். கேம்பலுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

சரி, கொடி. வேஷத்தில் இருக்கும்வரை வணிகக் கொடி. சுடுவதற்கு முன் கடற்படைக் கொடி ஏறியாக வேண்டும், அது போர் விதி. ஒரே கயிற்றில் இரண்டையும் கட்டுங்கள். ஒன்று இறங்க, மற்றது ஏறட்டும்.

விளக்கப் பலகையில் பாராலாங் என்ற இன்னொரு பிரிட்டிஷ் க்யூ கப்பலைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். 1915 ஆகஸ்டில் அது அமெரிக்கக் கொடியுடன் நெருங்கி யு-27-ஐ மூழ்கடித்தது. தப்பிய ஜெர்மன் மாலுமிகளையும் அதன் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். கேம்பலின் துணிச்சலை மட்டும் எழுதினால் கதை பாதிதான்.