பதில்: 32 கோர் இருந்தும் பாக்கெட் இழப்பு ஏன்?

32 கோர் (செயலியின் தனித்தனிக் கணக்கிடும் பகுதி) உள்ள உங்கள் லினக்ஸ் கணினியில் பாக்கெட்டுகள் (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டுகள்) ஏன் தொலைகின்றன என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கோர் 100 விழுக்காட்டில் திணற, மற்ற 31 கோர்களும் சும்மா இருப்பதற்கு, உங்கள் திருப்பூர் தொழிற்சாலையையும் கோவை அலுவலகத்தையும் இணைக்கும் ஒற்றை ஐபிசெக் டனலே (தரவை மறையாக்கி அனுப்பும் பாதை) பெரும்பாலும் காரணம். கோர்களைக் கூட்டுவதால் இது தீராது.

நெட்வொர்க் அட்டை, பாக்கெட்டின் முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டு ஹாஷ் (அவற்றிலிருந்து பெறும் ஒரு சுருக்க எண்) கணக்கிட்டே, அதை ஒவ்வொரு கோரும் கவனிக்கும் வரிசைகளில் எந்த வரிசையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறது. டனலுக்குள் ஆயிரம் இணைப்புகள் ஓடினாலும் வெளியே தெரியும் தலைப்பு (முகவரிகள் உள்ள முன்பகுதி) ஒன்றேயாதலால், எல்லாம் ஒரே வரிசையில் விழுந்து ஒரே கோரின் தலையில் ஏறுகின்றன. 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1.488 கோடி, ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 67 நானோநொடிதான். மறைவிலக்கும் வேலையும் சேர்ந்தால் எந்தக் கோரும் தாங்காது.

நெரிசல் நேரத்தில் ஈத்டூல் (நெட்வொர்க் அட்டையின் நிலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளை) காட்டும் வரிசைவாரி எண்ணிக்கையைச் சில நொடி இடைவெளியில் இருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். இன்டரப்ட் (பாக்கெட் வந்ததும் அட்டை கோருக்குத் தரும் குறிப்பு) எண்ணிக்கையை நம்ப வேண்டாம். சுமை ஏறியதும் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுத் தானே போய் வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஒரு வரிசை மட்டுமே வளர்ந்தால், போக்குவரத்தை வெவ்வேறு முகவரிகள் கொண்ட சில டனல்களாகப் பிரியுங்கள். ஆனால் கூடவே வரிசைகளின் எண்ணிக்கையையும் மாற்றினால், பல டிரைவர்களில் (அட்டையை இயக்கும் மென்பொருள்) இணைப்பு சற்று அறுபடும் என்பதால், அதை ஷிப்ட் நடக்கும்போது செய்யாதீர்கள்.