'உட்காரு' என்றால் எழுந்து நிற்கிறான்

கடிதம்:

வணக்கம். என் மகனுக்கு ஐந்தரை வயது. பள்ளியிலிருந்து தினமும் புகார் வருகிறது. இடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குகிறான், எழுதச் சொன்னால் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். மிஸ் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். சாயங்காலம் டைரியைப் பார்த்துவிட்டு என் கணவர் அடிக்கிறார். "நாங்களெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்" என்கிறார். நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேனாம். பள்ளியோ "வீட்டில் சொல்லி வையுங்கள்" என்கிறது. என்னவென்று சொல்லி வைப்பது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எழுதச் சொன்னால் மேஜைக்கு அடியில் போகிறான், உடனே மிஸ் வெளியே அனுப்புகிறார். அப்படியானால் அன்றைக்கு எழுத வேண்டியதில்லை, இல்லையா? அவன் பக்கமிருந்து பார்த்தால் காரியம் முடிந்துவிட்டது. திட்டம் போட்டுச் செய்கிறான் என்று நான் சொல்லவில்லை, ஐந்தரை வயதில் அவ்வளவு சூது வராது; ஆனால் எதைச் செய்தால் எதிலிருந்து தப்பலாம் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே பழகிவிடும். வெளியே நிறுத்துவதற்கு இப்போது 'டைம் அவுட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொண்டுவந்த நடத்தை உளவியலாளர்கள் சொன்னது, குழந்தைக்குப் பிடித்த ஒன்றிலிருந்து கொஞ்ச நேரம் விலக்கி வைப்பதை. உள்ளே இருப்பது பிடிக்காத குழந்தைக்கு வெளியே நிற்பது எப்படித் தண்டனையாகும்?

1968இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர் முதலான ஆய்வாளர்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகள் எழுந்து நிற்கும்போதெல்லாம் ஆசிரியர்கள் "உட்காரு" என்று வழக்கத்தைவிட அதிகமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லச் சொல்ல எழுந்து நிற்பது கூடியது. அப்புறம் அந்த அதட்டலைக் குறைத்து, உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டினார்கள், எழுந்து நிற்பது குறைந்தது. "உட்காரு" என்று சொன்னதும் பிள்ளை ஒரு நிமிஷம் உட்காருவதால், சொன்னது பலித்தது என்று ஆசிரியரும் நம்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு கூட்டத்தையே மேய்க்கிறவருக்கு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணில் படுவதே கஷ்டம்.

இப்போது உங்கள் கணவர் விஷயம். காலையில் பிடுங்கிய பென்சிலுக்கு சாயங்காலம் அடி. நடுவில் அவன் விளையாடிவிட்டான், சாப்பிட்டுவிட்டான், ஒரு தூக்கம்கூடப் போட்டிருப்பான். அடி எதற்கு என்று அவனைக் கேட்டால் டைரிக்காக என்றுதான் சொல்வான். இன்னும் இரண்டு வருஷத்தில் டைரியை ஒளிக்கக் கற்றுக்கொள்வான், பாருங்கள். நானும் அடி வாங்கி வளர்ந்தவன்தான். என்ன தப்புக்காக வாங்கினேன் என்பது ஒன்றுகூட நினைவில்லை, வாத்தியாரின் செருப்புச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1,60,000 குழந்தைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனம் அதிகமாகவே தெரிந்தது. கணவரிடம் இதைக் காட்டுங்கள். ஆனால் சண்டைக்கு நடுவில் வேண்டாம்.

சரி, என்ன செய்வது? மிஸ்ஸிடம் போய் "என் பையன் நல்ல பையன்" என்று வாதாடாதீர்கள். ஒரே ஒரு உதவி கேளுங்கள்: இரண்டு வாரத்துக்கு டைரியில் 'அடங்கவில்லை' என்று எழுதுவதற்குப் பதிலாக மணி என்ன, அதற்கு முன்னால் என்ன நடந்துகொண்டிருந்தது, பிறகு என்ன செய்தார்கள் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாம் எழுத்து வேலையின்போதுதான் என்று தெரிந்தால் நாம் பார்க்க வேண்டியது அவன் விரலையும் கண்ணையும், குணத்தை அப்புறம் பார்க்கலாம். பாதிப் பக்கம் எழுதினால் போதும், உதவி வேண்டுமானால் கையைத் தூக்கு என்று மிஸ் சொல்லிப் பார்க்கட்டும். தப்பிக்க இன்னொரு வழி கிடைத்தால் மேஜைக்கு அடியில் போக வேண்டியதில்லையே. சாப்பாட்டுக்கு முந்தைய மணியில்தான் என்றால் பசி. சளி பிடித்தபின் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிக் காது மந்தமாகும் குழந்தைகள் நிறைய, அவர்களையும் 'சொன்ன பேச்சு கேட்காதவன்' பட்டியலில்தான் சேர்க்கிறோம். வகுப்பிலேயே வயதில் இளையவனா என்றும் பாருங்கள், பத்து மாதம் மூத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் யாரும் அடங்காதவனாகத்தான் தெரிவான்.

'ஏடிஹெச்டி'யா, அதாவது கவனம் நிலைக்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் கோளாறா என்று யாராவது காதில் போட்டிருப்பார்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது ஆறு மாதமாகத் தொடர்ந்தால்தான் அவரும் யோசிப்பார்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வெளியே அனுப்புவதை நிறுத்தியதும் முதல் சில நாள் ஆட்டம் கூடலாம். எப்போதும் திறக்கும் கதவு திறக்காவிட்டால் இன்னும் பலமாகத்தானே தட்டுவோம்? அந்த வாரத்தில்தான் பலரும் "இதெல்லாம் சரிப்படாது" என்று பழையபடி ஆகிவிடுகிறார்கள். மிஸ்ஸிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

சொல்லி வைக்க வேண்டியது இவ்வளவுதான், அதுவும் அவனிடம் இல்லை. டைரியை அவன் தூங்கிய பிறகு படியுங்கள். பள்ளியை மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த இரண்டு வாரக் குறிப்பு கைக்கு வரட்டும். மணி என்னவென்று குறிக்கச் சொன்னதற்கே எரிந்து விழுகிற பள்ளி என்றால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.