சிக்னலில் ஏறி இறங்கும் ஆர்.பி.எம்.: ஈ.சி.எம். மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னிடம் 2008 மாடல் ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் கார் இருக்கிறது. 90 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஏசி போட்டால் சில நேரம் சிக்னலில் இஞ்சின் நின்றுபோகும். மெக்கானிக் த்ராட்டில் பாடியை (இஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு உள்ள பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். நிற்பது குறைந்தது. ஆனால் இப்போது நியூட்ரலில் ஆர்.பி.எம். முள் 900-க்கும் 1,600-க்கும் நடுவே ஏறி ஏறி இறங்குகிறது. இஞ்சின் சூடான பிறகுதான் இப்படி. செக் இஞ்சின் விளக்கு எரியவில்லை. ஈ.சி.எம். (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போயிருக்கும், பழைய பார்ட்ஸ் கடையில் ஒன்று வாங்கிப் போடலாம் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. ஏசி போட்டால் நிற்பது பழையது. முள் ஏறி இறங்குவது புதியது. த்ராட்டில் பாடியைக் கழற்றி மாட்டிய பிறகு வந்தது. கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி அந்த இடத்தில் இல்லை.

ஐடிலிங் (ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இஞ்சின் தானாக ஓடுவது) சரியில்லை என்று வரும் வண்டிகளில் மூன்று விதமான குணம் உண்டு. முள் அசையாமல் நிற்கிறது, ஸ்டியரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்கின்றன என்றால் பெரும்பாலும் இஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். இஞ்சின் ஒரு தாளமே இல்லாமல் விட்டுவிட்டுத் துடித்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அதைத்தான் பட்டறையில் ஹன்டிங் என்கிறார்கள். உங்களுடையது மூன்றாவது வகை. அதற்குக் காரணம் அநேகமாக, உள்ளே போகக் கூடாத காற்று போவதுதான்.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வண்டியில் காற்றை அளப்பது மேப் சென்சார். த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து அது சொல்லும் கணக்குப்படி பெட்ரோல் போகும். எங்காவது ஓட்டை வழியாகக் காற்று நுழைந்தாலும் அழுத்தம் கூடும், ஈ.சி.எம். அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டும், ரேஸ் ஏறும். ரேஸைக் குறைக்க அது ஐடில் வால்வை (ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வு) மூடிப் பார்க்கும். ஓட்டை வேறு இடத்தில் இருப்பதால் மூடியும் பயன் இல்லை. சூடான இஞ்சினில், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது ஆர்.பி.எம். ஒரு அளவைத் தாண்டினால், வண்டி பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு ஈ.சி.எம். பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். அந்த அளவு வண்டிக்கு வண்டி மாறும்; ஏறத்தாழ 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நின்றதும் முள் விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் வரும், மறுபடி ஏறும். உங்கள் முள் 1,600-ஐத் தொட்டுத் திரும்புவது இதனால்தான். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐடில் தானாகவே உயர்வாக இருக்கும், இந்தப் பெட்ரோல் வெட்டும் அவ்வளவு சீக்கிரம் வராது. அதனால் காலையில் ஒன்றும் தெரியாது. சொல்லப்போனால் உங்கள் ஈ.சி.எம். தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

சரி, எங்கே பார்ப்பது? பானெட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிள் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். கால் எடுத்த நிலையில் கேபிளில் சில மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் த்ராட்டில் தகடு முழுதாக மூடாது. கேபிள் சுற்றும் அந்த அரைவட்டச் சக்கரம் மூடிய நிலையில் ஒரு சின்ன ஸ்குரூவின் நுனியில் போய் உட்காரும். அந்த ஸ்குரூவைக் கூர்ந்து பாருங்கள். கம்பெனியில் அளவு வைத்துப் பூட்டி அனுப்பியது அது. தலையில் புது ஸ்குரூடிரைவர் தடமோ, அடையாளப் பெயின்ட் உடைந்த கோடோ தெரிந்தால் யாரோ திருகியிருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது: ரேஸ் குறைந்தால் ஸ்குரூவை ஏற்று. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகும் உங்களுடையது போன்ற வண்டி) இதைச் செய்தால் தகடு எப்போதும் கொஞ்சம் திறந்தே நிற்கும். த்ராட்டில் பொசிஷன் சென்சார் காட்டும் 'மூடிய நிலை' அளவும் மாறிப்போகும். அப்புறம் ஐடிலைக் கட்டுப்படுத்தும் கணக்கே குழம்பும்.

ஸ்குரூவில் தடம் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங். பழைய பேக்கிங்கையே திருப்பிப் போட்டு இறுக்குவது சகஜம். ஒரு ஓரம் கிழிந்திருந்தாலும் போதும். கூடவே, கழற்றும்போது எடுத்த மெல்லிய வேக்கும் (இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு) குழாய்களில் ஒன்று மாட்டாமல் விட்டுப்போயிருக்கலாம். இத்தனை வருட வெயிலுக்கும் இஞ்சின் சூட்டுக்கும் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மேலே நன்றாகத் தெரிவது அடிப்பக்கம் பிளந்திருக்கும். விரலால் வளைத்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் தடித்த குழாயில் கீறல் இருந்தால் தூசி போகுமே என்று மாற்ற வேண்டியதுதான், ஆனால் உங்கள் வண்டியில் ஹன்டிங்குக்கு அது காரணம் ஆகாது. காற்றின் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில்தான் அந்தக் குழாய் முக்கியம்.

கண்ணுக்குத் தெரியாத லீக்கைப் பிடிக்கப் பலர் கார்ப் கிளீனரை ஸ்ப்ரே செய்வார்கள். சூடான இஞ்சினில் அது தீப்பிடிக்கும். வேண்டாம். ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் போதும். இஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் அடியுங்கள். பஞ்சர் கடையில் போல நுரை வரும் என்று காத்திருக்காதீர்கள், இங்கே காற்று உள்ளேதான் இழுக்கப்படுகிறது. லீக் உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் ஒரு விநாடி ஐடில் சத்தம் மாறும். அதுதான் அடையாளம். பிளக் வயர், காயில், ஃபேன் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் தனியாகப் பாருங்கள். இஞ்சின் ஓடும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஐடில் தொடர்ந்து மாறியே இருக்கிறதா? அப்படியானால் பூஸ்டரிலேயே லீக். பெடல் கல் மாதிரி கெட்டியாகவும் இருந்தால் அதைச் சரி செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இந்த இழுப்பை அளக்கும் வேக்கும் கேஜ் வைத்திருக்கும் பட்டறை என்றால் வேலை சுலபம். கடல்மட்டத்து ஊரில் நல்ல இஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை, முள் ஆடாமல் காட்ட வேண்டும். ஊட்டி உயரத்தில் இதில் 7 அங்குலம் குறைவாகக் காட்டினாலும் பயப்படத் தேவையில்லை. சமவெளியில் முள் தாழ்வாகவே அசையாமல் நின்றால் லீக் இருக்கலாம், இல்லையென்றால் டைமிங் பெல்ட் ஒரு பல் தாவியிருக்கலாம். பெல்ட் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. ஞாபகம் இல்லையென்றால் அதையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.

எங்கும் லீக் இல்லை, ஸ்குரூவும் தொடப்படவில்லை என்றால் ஒரு சாதாரணக் காரணம் மிச்சம் இருக்கிறது. பல வருடமாகக் கார்பன் அடைத்த த்ராட்டிலுக்கு ஏற்றபடி ஈ.சி.எம். ஐடில் வால்வைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்து பழகியிருக்கும். சுத்தம் செய்ததும் காற்று திடீரென்று தாராளமாகப் போகும். பழைய கணக்கு மாறாததால் ரேஸ் ஏறும். பேட்டரி நெகட்டிவைச் சற்று நேரம் கழற்றி மாட்டி, ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும்வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். பிறகு ஏசியைப் போட்டுச் சில நிமிடம். பெரும்பாலும் இதிலேயே படிந்துவிடும். ஸ்டீரியோவுக்கு கோட் இருந்தால் கழற்றுமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பழைய புகார். ஏசி கம்ப்ரசர் சுமை விழுந்ததும் ஐடில் வால்வு சட்டென்று திறந்து காற்றுக் கொடுக்க வேண்டும். கார்பன் பிசின் போல ஒட்டியிருந்தால் அது தாமதிக்கும், அதற்குள் இஞ்சின் நின்றுவிடும். த்ராட்டில் தகட்டை மட்டும் துடைத்துவிட்டு இந்த வால்வை விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சுத்தம் செய்யும்போது உள்ளே உள்ள பாகத்தை விரலால் வலுக்கட்டாயமாகத் திருப்பக் கூடாது. சுத்தம் செய்தும் ஒட்டினால் வால்வை மாற்றுவதுதான் வழி.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா? நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இல்லாமல் ஓடினால் இஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. குளிர்ந்த இஞ்சின் என்று நினைத்து ஈ.சி.எம். பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் விழுவதும் உயர்ந்த ஐடிலும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

மிஸ் அடிப்பதாக நீங்கள் சொல்லவில்லை. பின்னால் அப்படி வந்தால், ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் இணைப்பாகக் கழற்றச் சொல்லுங்கள். எதைக் கழற்றும்போது ஆர்.பி.எம். விழவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை கைக்கும் காயிலுக்கும் ஆகாது. வயரில் கசிவு இருக்கிறதா என்று அறிய, இருட்டில் இஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து வைத்தாலே போதும். நீலப் பொறி தானாகத் தெரியும்.

ஈ.சி.எம். விஷயத்துக்கு வந்தால், அதற்கு வரும் மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்து, சென்சார் அளவுகள் எல்லாம் ஒழுங்காக வந்து, அதன் பிறகும் வால்வுக்குச் சிக்னல் போகவில்லை என்று ஸ்கேனரிலும் மல்டிமீட்டரிலும் காட்டினால் மட்டுமே சம்மதியுங்கள். பழைய பார்ட்ஸ் கடைப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது உங்கள் வண்டிக்கு ஒத்துவரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடைக்காது. த்ராட்டில் பாடி பேக்கிங்கும் ஒரு முழம் வேக்கும் ஹோஸும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே மெக்கானிக்கிடமே போய், பேக்கிங் புதிதாகப் போட்டீர்களா, ஸ்குரூவைத் தொட்டீர்களா என்று இந்த இரண்டை மட்டும் கேட்டுப் பாருங்கள்.