டிரெஸ்டன் போஸ்ட்டாக்: சம்பள ஒப்பந்தமா, உதவித்தொகையா?

தம்பி, நானோ பொருள் ஆய்வில் பிஎச்டி முடித்துவிட்டு, ஜெர்மனியின் டிரெஸ்டனில் மீளுருவாக்க மருத்துவக் குழு ஒன்றுக்கு 2 வருடம் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராக) வரப்போகிறீர்கள். பல்கலைக்கழகச் சம்பள ஒப்பந்தமா, ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் உதவித்தொகையா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒப்பந்தம்தான். உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை, கைக்கு வரும் தொகை கவர்ச்சியாகத் தெரியும். ஹம்போல்ட் என்ற பெயருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் வேலையின்மைக் காப்பீடும் ஓய்வூதியச் சந்தாவும் அதில் கிடையாது. 24 மாதம் சந்தா கட்டிய, 50 வயதுக்குட்பட்டவருக்கு வேலை முடிந்ததும் 12 மாதம் வரை நிகரச் சம்பளத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் கிடைக்கும். இரண்டு வருட ஒப்பந்தக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை.

கையெழுத்துக்கு முன் ஒன்று: சம்பளம் டிவி-எல் (ஜெர்மன் மாநில அரசுப் பணிகளுக்கான ஊதிய ஒப்பந்தம்) இ13 அட்டவணைப்படி. அதற்குள் படிகள் உண்டு. பொருத்தமான அனுபவம் 1 வருடம் என்றால் 2ஆம் படி, 3 வருடம் என்றால் 3ஆம் படி. பிஎச்டி கால ஃபெலோஷிப்பை 'வேலை' என்று ஏற்கவைப்பது கடினம். தொடங்கிய, முடிந்த தேதி, முழுநேரம், செய்த பணி எல்லாம் எழுதிய கடிதத்தைப் பதிவாளரிடம் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். படி முடிவானபின் மாற்றுவது பெரும்பாடு.

இனி ஆய்வகம். பொருள் பக்கத்திலிருந்து வருபவர்கள் சறுக்குவது எண்டோடாக்சினில், அதாவது சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து வரும் நச்சில். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) 121 டிகிரியில் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் தாங்கிக்கொள்ளும், 0.22 மைக்ரான் வடிகட்டியையும் கடந்துவிடும். கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் காட்டும் அழற்சி உங்கள் நானோ துகளாலா இந்த அழுக்காலா என்று சொல்லமுடியாது. எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையிலும் துகள் குறுக்கிடும். தெரிந்த அளவு எண்டோடாக்சின் சேர்த்து, 50 முதல் 200 சதவீதம் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் துகள் கிராஃபீன் (மெல்லிய கார்பன் தாள்) வகை என்றால், உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையை நம்பாதீர்கள். செல்லே இல்லாமலும் கிராஃபீன் அதில் நிறம் காட்டும், செத்த செல் உயிரோடிருப்பதாகத் தோன்றும். செல் இல்லாமல் துகள் மட்டும் உள்ள குழி ஒன்றைச் சோதனைத் தட்டில் எப்போதும் வையுங்கள். துகள் அளவையும் தண்ணீரில் மட்டும் எடுக்காமல், சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) கலந்த செல் வளர்ப்புத் திரவத்தில் எடுங்கள். துகள் உப்பில் திரண்டுவிடுவது அங்கேதான் தெரியும்.