பரணில் நாலு சாக்கு பொம்மை: எதை வைப்பது, எதைக் கொடுப்பது?

கேள்வி: அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. பரணில் நாலு சாக்கு நிறைய விளையாட்டுச் சாமான் கிடக்கிறது. லெகோ, பார்பி, கரடி பொம்மைகள், பேட்டரி கார், சென்னபட்டணா மரப்பொம்மை, நடைவண்டி, அத்தை காலத்து மரப்பாச்சி ஜோடி எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கிறது. “பேரப்பிள்ளைகளுக்கு ஆகும், ஒன்றையும் கொடுக்காதே” என்கிறார் அத்தை. பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறார் கணவர். மகன் எதையும் தொடவே விடமாட்டேன் என்கிறான். எப்படிப் பிரிப்பது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் அத்தை சொல்வது பாதி சரி. மரப்பாச்சி பேரப்பிள்ளை கைக்குப் போய்ச் சேரும். பார்பி பெரும்பாலும் சேராது. மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில் சித்திரை, வைகாசி வெயில் முழுக்க இறங்கும். மெத்தென்றிருக்கும் பிவிசி பொம்மையில் அந்த மென்மைக்காகச் சேர்த்த பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். பொம்மை பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், கட்டி வைத்த பாலித்தீன் கவரும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பேண்ட் இளகிப் பிடித்துக்கொள்ளும், ஸ்பாஞ்ச் பொடிந்து உதிரும். பரணில் போட்டால் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பதுதான் தப்பு. கொஞ்சத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை ஓடுகிற நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

முதல் வேலைக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் போதும். பேட்டரி போடும் மூடி எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது காரம், தோலை அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணி, ஒரு நாள் காயல், புது பேட்டரி. அப்படியும் ஓடவில்லையென்றால் அது மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் விளையாட்டுச் சாமானும் சேர்ந்திருக்கிறது. அதனால் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் தனியாகக் கொடுங்கள்.

இதில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பாட்டுப் புத்தகம், விளக்கெரியும் சாவிக்கொத்து போன்றவற்றில் காசு மாதிரி தட்டைப் பேட்டரி இருக்கும். மூடியின் திருகாணி தொலைந்திருந்தால் பேட்டரியைக் கழற்றாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். செல்லோ டேப் ஒட்டுவதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

அடுத்து உங்கள் மகன். நாலு சாக்கையும் கொட்டி, குவியலுக்கு முன் அவனை உட்காரவைத்து “எது வேண்டாம்?” என்று கேட்டால் எதையும் விடமாட்டான். ஏ4 பேப்பர் கட்டுகள் வருமே, அந்த அட்டைப்பெட்டி ஒன்றை அவன் கையில் கொடுங்கள், மகளுக்கும் ஒன்று. இதற்குள் அடங்குவது உன்னுடையது என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வகையை மட்டும் பரப்புங்கள், அரை மணி நேரம் போதும். பெட்டிக்குள் அவன் போடுவது காது அறுந்த நாயாக இருந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். முடிவு செய்ய முடியாததற்கு ஒரே ஒரு சாக்கு. தேதி எழுதிக் கட்டிப் புது வீட்டுக்கு எடுத்துப் போங்கள். 3 மாதத்தில் அவன் கேட்காததை அவனிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். பள்ளிக்குப் போயிருக்கும்போது ரகசியமாகக் கொடுத்தால், அதற்குப் பிறகு பழைய பென்சிலைக்கூட விடமாட்டான்.

லெகோவைக் கொடுக்க அவசரமே இல்லை. 1958-இல் வந்த கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும், உங்கள் அத்தையின் வாதம் நிஜமாகவே செல்லுபடியாகும் இடம் இது. காய்கறி வலைப்பையில் போட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளடிக்கும். செய்முறைத் தாள் கிழிந்து போயிருந்தால் கவலை வேண்டாம், நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கரடிகளுக்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். பிள்ளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தூசிப்பூச்சிகளைக் கொல்ல, பையில் கட்டி ஃப்ரீசரில் 2 நாள் வையுங்கள். செத்த பூச்சியும் எச்சமும் உள்ளேயே இருக்கும், அதனால் துவைத்தே ஆகவேண்டும். மேல்துணி காய்ந்தாலும் உள்பஞ்சு காய இரண்டு முழு நாள் வெயில் பிடிக்கும், இடையில் திருப்பிப் போடுங்கள். அதற்குப் பிறகும் முக்கல் வாடை அடித்தால் குப்பைதான். கண், மூக்கு, பொத்தானை விரலால் இழுத்துப் பாருங்கள். ஆடினால் 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆகாது. 31.7 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாயில் முழுதாக அடங்கிவிடும் சின்னப் பாகம் தொண்டையை அடைக்கலாம் என்பதுதான் பொம்மைச் சோதனையின் அளவு. பழைய துணிபொம்மைகளைப் பல இல்லங்களும் மருத்துவமனைகளும் வாங்குவதில்லை, கிருமி பயம்.

சென்னபட்டணா பொம்மையின் நிறம் அரக்கோடு சேர்ந்தது. சானிடைசரோ ஸ்பிரிட்டோ போட்டால் அரக்கு கரைந்து சாயம் கையோடு வரும், சுடுதண்ணீரும் ஆகாது. உலர்ந்த துணி போதும். எந்த மரச்சாமானுக்கு அடியிலும் மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் உளுத்துவிட்டது, மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். நடைவண்டியை இப்போதே கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு அது தேவைப்படுவது சில மாதம்தான், தெருவில் எழுந்து நிற்கப் பழகும் குழந்தை ஏதாவது ஒன்று இருக்கும். அச்சையும் ஆணியையும் முடுக்கிக் கொடுங்கள். ஆனால் பழைய பெயின்ட் உரிந்திருந்தால் வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம், பிள்ளை கடிக்கும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன் வாங்கியவை, அதனால் சோதிக்கும் பொறுப்பு உங்களுடையது.

ஹாட் வீல்ஸ் காரைத் திருப்பி, அடியில் பொறித்த வருஷத்தைக் காட்டி “இது விலை போகும்” என்று யாராவது சொல்வார்கள். அது அந்த அச்சின் உரிமை வருஷம், கார் செய்த வருஷம் இல்லை. குட்டிக் கார்களையும் பிளாஸ்டிக் மிருகங்களையும் மொத்தமாகக் கொடுப்பதற்கு முன் கொலுவில் பார்க் கட்ட ஒரு டப்பா எடுத்து வையுங்கள். புரட்டாசி வந்ததும் தேடுவீர்கள்.

விளையாட்டுப் பெட்டிகளை எண்ணிக் கொடுங்கள். கேரமுக்கு 19 காய், ஒரு ஸ்டிரைக்கர். செஸ்ஸுக்கு 32. இரண்டு அரைகுறை செட் இருந்தால் ஒன்றாக்குங்கள். அங்கன்வாடிக்குப் பெரிய கட்டைகள், பந்து, அடுக்கு வளையம் உதவும். நூறு துண்டு புதிர்ப்படம் அங்கே உதவாது, பெரிய பிள்ளைகள் உள்ள இல்லத்துக்குக் கொடுங்கள். எங்கே கொடுப்பதானாலும் முதலில் போன் செய்து அங்குள்ள பிள்ளைகளின் வயதைக் கேளுங்கள், பையின் மேல் வயதை எழுதுங்கள், பேட்டரி பொம்மையோடு புது பேட்டரியும் வையுங்கள்.

மரப்பாச்சி ஜோடியைப் பிரிக்காமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பார்பியின் உலோகக் கம்மலைக் கழற்றிவிடுங்கள், காதைச் சுற்றிப் பச்சை பிடிக்கும். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். புது வீட்டில் பெட்டிகளுக்கு இடம் பரண் இல்லை, வெயில் படாத அறையில் அலமாரியின் கீழ்த்தட்டு. அங்கே அத்தைக்கும் கைக்கு எட்டும்.